விட்டுவிட்டு எரியும் விளக்கு

திருப்பூரில் பின்னல் எந்திரங்கள் ஓடும் கூடமொன்றில் சிறிது நேரம் நின்றவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். வட்டமான எந்திரத்தைச் சுற்றிலும் நூலூட்டும் பீடர்கள். ஒவ்வொரு பீடரிலும் ஒரு சிறு விளக்கு. எங்கேனும் ஓர் இழை அறுந்தால் அந்த இழைக்குரிய விளக்கு எரியும். எரிகிற கணத்திலேயே எந்திரமும் நின்றுவிடும். எந்திரக்காரர் வருவார், எரியும் விளக்கைப் பார்த்து நேராக அந்த இழைக்குச் செல்வார், முடிச்சிடுவார், பொத்தானை அழுத்துவார். ‘இந்த ரோல் முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லும் எந்திரக்காரரை யாரும் வேலைக்கு வைத்திருப்பதில்லை. பார்க்காமல் ஓட்டினால் துணியில் ஓட்டை விழும். சாயமேறி, தைத்து, பெட்டிக்குள் போன பிறகு அந்த ஓட்டை பனியனாகத் திரும்பி வரும். இது அவ்வூரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

இதே ஊர்க்காரர்கள், இதே கணக்குத் தெரிந்தவர்கள், மாலையில் காரில் ஏறி அமர்கிறார்கள். முன்பலகையில் எஞ்சின் வடிவில் மஞ்சள் விளக்கொன்று எரிகிறது. மறுநாள் காலையில் அது இல்லை. மூன்று நாள் கழித்து மறுபடி வருகிறது. அவிநாசி போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடுகிறது. ‘தானாக எரிந்தது, தானாக அணைந்தது, சரியாகிவிட்டது’ என்ற முடிவுக்கு வந்து அதை மறந்துவிடுகிறோம். எந்திரக் கூடத்தில் ஒரு விளக்குக்கு நாம் தரும் மரியாதைக்கும், காரின் முன்பலகையில் இன்னொரு விளக்குக்குத் தரும் மரியாதைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். வெறும் வாகனப் பராமரிப்புச் சங்கதியாக நமக்கு இது படவில்லை.

முதலில் அந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கலிபோர்னியாவின் காற்று வளத்துறை, வாகனம் தன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தானே சோதித்துக்கொண்டு பழுதை ஓட்டுநருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியை 1988ஆம் ஆண்டு வாகனங்களிலிருந்து கொண்டுவந்தது. 1996ஆம் ஆண்டு வாகனங்களிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஒரே வகையான தன்சோதனை முறையும், பதினாறு முனைகள் கொண்ட ஒரே வகைச் செருகுவாயும், பொதுவான பழுதுக் குறியீடுகளும் கட்டாயமாயின. இந்தியாவில் இம்முறையின் முதற்படி 2010 ஏப்ரலிலும், இரண்டாம் படி 2013 ஏப்ரலிலும் கார்களுக்கு வந்தன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது இருசக்கர வாகனங்களும் இந்த வளையத்துக்குள் வந்தன. ஆகவே பனியன் கம்பெனிக்கு ஸ்கூட்டரில் வரும் தையற்காரரின் கண்முன்னும் அதே விளக்கு இன்று இருக்கிறது.

இந்த விளக்குக்குப் பின்னால் ஒரு நினைவு இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. பெரும்பாலான பழுதுகளில், ஒருமுறை தவறு தென்பட்டதும் விளக்கு எரிந்துவிடாது. வாகனத்தின் கணினி அதை ஐயமாகக் குறித்துக்கொள்கிறது. அடுத்த ஓட்டத்திலும் அதே தவறு தென்பட்டால்தான் விளக்கை ஏற்றுகிறது. தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அந்தத் தவறு தென்படாவிட்டால் விளக்கை அணைக்கிறது. ஆனால் குறியீட்டை உடனே அழித்துவிடுவதில்லை. பொதுவான முறைப்படி, எஞ்சின் குளிர்ந்து மீண்டும் சூடேறும் சுற்றுகள் நாற்பது வரை அது நினைவில் கிடக்கும். தவறு நேர்ந்த கணத்தில் எஞ்சின் என்ன வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போயிற்று, எவ்வளவு பாரம் இழுத்தது என்ற விவரங்களையும் ஒரு நிழற்படம் போல எடுத்து வைத்திருக்கும். எனவே, விளக்கு எரிந்ததென்றால் பழுது ஒருமுறைக்கு மேல் சாட்சி சொல்லிவிட்டது என்று பொருள். அணைந்ததென்றால் அண்மையில் அது கண்ணில் படவில்லை என்று மட்டுமே பொருள். குணமாகிவிட்டது என்பது நாமே சேர்த்துக்கொண்ட உரை.

நம் முன்னோர் காய்ச்சலை வகை பிரித்த விதத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதை முறைக்காய்ச்சல் என்றார்கள். இடையில் உடம்பு தெளிந்திருக்கும் நாளைக் குணமான நாளென்று எந்த வைத்தியரும் கொண்டதில்லை. விட்டு வருவதையே நோயின் அடையாளமாகக் கொண்டார்கள். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, காய்ச்சல் வரும் இடைவெளியைக் கொண்டு அதை மற்றக் காய்ச்சல்களிலிருந்து பிரித்தறியும் அறிவு உலகெங்கும் இருந்தது. இடைவெளியே துப்பு. வாகனத்தின் விளக்குக்கும் இதுவே பொருந்தும். எப்போது எரிகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தால், ஏன் எரிகிறது என்ற கேள்வியின் பாதி தீர்ந்துவிடும்.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். வளைவில் திரும்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் மட்டும் பிரேக் விளக்கு சிமிட்டுகிறது என்றால், பிரேக் எண்ணெயின் மட்டம் குறைந்திருக்கக்கூடும். கிண்ணத்துக்குள் மிதவையொன்று இருக்கிறது. வண்டி சாயும்போது எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, மிதவை தாழ்ந்து விளக்கை ஏற்றுகிறது. சமதரையில் எண்ணெயும் சமநிலைக்கு வர, விளக்கு அணைகிறது. மட்டம் குறைந்ததற்குக் காரணம் தேய்ந்த பிரேக் கட்டைகளாக இருக்கலாம். எங்கோ கசிவாகவும் இருக்கலாம். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்திய நாளில் மட்டும் காற்றுப்பை விளக்கு வருகிறது என்றால், இருக்கைக்கு அடியில் ஓடும் கம்பியின் இணைப்பைப் பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் எஞ்சின் விளக்கு வருகிறது என்றால், ஈரம் புகுந்த இணைப்போ, விரிசல் விட்ட பற்றவைப்புச் சுருளோ காரணமாகலாம். எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் பண்டிகைத் தோரணம்போல எரிந்தால், ஏழு பாகங்கள் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்று அஞ்ச வேண்டியதில்லை. பேட்டரியின் முனைகளையும் மின்சாரம் தரைசேரும் இணைப்பையும் முதலில் பார்ப்பதே அறிவுடைமை. இரவில் எஞ்சினின் கதகதப்பில் வந்து தங்கும் எலி கம்பியைப் பாதி கடித்துவிட்டுப் போயிருந்தால், குலுங்கும் சாலையில் விளக்கு எரியும். நல்ல சாலையில் அணையும்.

காத்திருக்கக் கூடாத விளக்குகளும் உண்டு. அவற்றைப் பிரித்தறியாமல் பொறுமையைப் போதிப்பது தவறான அறிவுரையாகிவிடும். சிவப்பு நிறத்தில் எரிவது ‘நில்’ என்கிறது. மஞ்சள் ‘விரைவில் பார்’ என்கிறது. எஞ்சின் சூடேறிய பிறகு, வண்டி நிற்கும்போது மட்டும் எண்ணெய் அழுத்த விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால், ‘ஓட்டத் தொடங்கியதும் அணைந்துவிடுகிறதே’ என்று ஆறுதல் அடையக் கூடாது. ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். மஞ்சள் எஞ்சின் விளக்கே நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், எரிபொருள் சரியாக எரியாமல் வெளியேறி, புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியைச் சுட்டுப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். உடனே வேகத்தைக் குறைத்து, விரைவில் நிறுத்துவதே நல்லது. பிரேக் விளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திருப்பூருக்கென்றே ஒரு விளக்கும் இருக்கிறது. அவ்வூரின் தொழில் ஒரே கூரையின்கீழ் நடப்பது குறைவு. நூல் ஓரிடம், பின்னல் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பேக்டிங் ஓரிடம், அச்சு ஓரிடம், தையல் ஓரிடம். துணி ஊரெல்லாம் சுற்றுகிறது. துணியின் பின்னாலேயே காரும் சுற்றுகிறது. நாலு கிலோமீட்டர் ஓட்டம், அரைமணி நேர நிறுத்தம், மறுபடி மூன்று கிலோமீட்டர் ஓட்டம், பிறகு நெரிசல். பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தன்னைத் துப்புரவு செய்துகொள்ள வேண்டும். அதற்குத் தொடர்ந்த ஓட்டமும் மிகுந்த சூடும் வேண்டும். குறுகிய ஓட்டங்களிலேயே நாளைக் கழிக்கும் வண்டிக்கு அந்தச் சூடு வாய்ப்பதில்லை. தொடங்கிய துப்புரவும் பாதியில் அறுந்துபோகிறது. கரி சேரச் சேர விளக்கு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பெருமாநல்லூர் போய் 544ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துச் சேலம் பக்கம் போனால் அணைந்துவிடுகிறது. திங்கட்கிழமை மறுபடி பழைய ஓட்டம்.

இந்த வண்டிக்கு மருந்து பணிமனையில் இல்லை, கையேட்டில் இருக்கிறது. விளக்கு வந்தவுடன், அது சொல்லும் வேகத்தில், அது சொல்லும் நேரத்துக்குத் தடையில்லாத சாலையில் ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பல வாரம் பொருட்படுத்தாமல் விட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவு கேட்பவரைத் திகைக்கவைக்கும். நாள் முழுதும் ஊருக்குள்ளேயே சுற்றும் ஒருவருக்கு டீசல் கார் தேவையா என்ற கேள்வியையும் அந்த விளக்கு கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கார் வாங்கும்போதே யாரேனும் கேட்டிருக்க வேண்டும்.

இனி, விளக்கை அணைக்கும் கலைக்கு வருவோம். செருகுவாயில் பொருத்திக் கைப்பேசியிலேயே குறியீட்டைப் படிக்கும் சிறு கருவிகள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. படிக்க உதவும் அதே கருவியில் ‘அழி’ என்ற பொத்தானும் இருக்கிறது. அழித்தால் விளக்கு மட்டும் அணைவதில்லை. கணினி சேர்த்து வைத்திருந்த நிழற்படமும் போய்விடுகிறது. விட்டுவிட்டு வரும் பழுதுக்கு அந்த நிழற்படந்தான் ஒரே சாட்சி. சாட்சியை அனுப்பிவிட்டு வழக்கை விசாரிக்க அமர்ந்தால் என்ன கிடைக்கும்? ‘நாங்கள் ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் தென்படவில்லை’ என்ற ஒரு வரிதான் கிடைக்கும்.

குறியீட்டைப் படித்துவிட்டாலே நோய் தெரிந்துவிட்டது என்று எண்ணுவதும் அதே அளவு தவறு. பி0420 என்ற குறியீடு வினையூக்கியின் திறன் குறைவு என்கிறது. உடனே வினையூக்கியை மாற்றுவோரும் உண்டு, ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவோரும் உண்டு. புகைக்குழாயில் ஏற்பட்ட சிறு கசிவும் அதே குறியீட்டைத் தரக்கூடும். குறியீடு, எந்த அறையில் குழப்பம் என்று கைகாட்டுகிறது. குற்றவாளியின் பெயரைச் சொல்வதில்லை. திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியருக்கு வகுத்த வரிசையும் இதுதான்: முதலில் நோயை அறி, பிறகு அதன் காரணத்தை அறி, பிறகு தணிக்கும் வழியைத் தேடு. பாகத்தை மாற்றுவது அந்த வரிசையில் கடைசிப் படி. நாம் அதை முதற்படியாக்கிவிட்டோம்.

இதற்குப் பணிமனைக்காரர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. விட்டுவிட்டு வரும் பழுதைத் தேடுவது பொறுமை கேட்கும் வேலை. கம்பித் தொகுதியை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பார்க்க வேண்டும், இணைப்புகளைக் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும், குளிர்ந்த எஞ்சினைக் காலையில் கிளப்பிப் பார்க்க வேண்டும். அரைநாள் தேடி, கடைசியில் தளர்ந்த ஒரு திருகாணியை இறுக்கியதுதான் வேலை என்று தெரிந்தால் நாம் என்ன கூலி கொடுக்கிறோம்? ‘ஒரு போல்ட்டை முடுக்கியதற்கா இவ்வளவு?’ என்று கேட்கிறோம். அதே மெக்கானிக் தேவையில்லாத சென்சார் ஒன்றை மாற்றி, பழையதைக் கையில் கொடுத்து, பெட்டியோடு பில்லும் கொடுத்தால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுகிறோம். பொருளுக்குக் கூலி உண்டு, யோசனைக்குக் கூலி இல்லை என்று நாமே விதித்துவிட்டு, பணிமனைகள் பொருளை மாற்றிக்கொண்டே இருக்கின்றன என்று புலம்புகிறோம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊரில் நல்ல கைராசி உள்ள மெக்கானிக்குக்கு வாகன நிறுவனத்தின் சோதனைக் கருவியும், கம்பி வரைபடமும், அசல் உதிரிபாகமும் எளிதில் கிடைப்பதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் இதைக் குற்றமாகவே தீர்த்தது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாகப் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் பல ஆண்டுகள் நீண்டன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இலேயே மக்கள் வாக்களித்துக் கார்களுக்கான பழுதுபார்க்கும் உரிமையை ஆதரித்தார்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் நலத்துறை 2022இல்தான் இதற்கான குழுவை அமைத்தது. நம் காரின் நினைவில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும் உரிமை யாருடையது என்ற கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. காரை வாங்கியவருடையது என்பதே நம் எண்ணம். அவர் நம்பும் மெக்கானிக்குக்கு அந்த உரிமையைக் கைமாற்றித் தரவும் அவருக்கு வழி இருக்க வேண்டும்.

‘ஒன்றும் தென்படவில்லை’ என்ற அந்த வரி எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சாவித் துளையின் சுவிட்சு, குலுக்கத்திலோ சாவிக்கொத்தின் பாரத்திலோ நழுவி, ஓடும்போதே எஞ்சினை அணைத்துவிடும். கூடவே காற்றுப்பையும் செயலிழக்கும். எப்போதும் நடப்பதில்லை, எப்போதாவது நடக்கும். இந்தக் குறை பல ஆண்டுகளாக நிறுவனத்துக்குள் தெரிந்தே இருந்தது. 2005இல் விற்பனையாளர்களுக்கு அனுப்பிய குறிப்பில், சாவிக்கொத்திலுள்ள கனமான பொருள்களை நீக்கிக்கொள்ளச் சொல்லுமாறு அறிவுறுத்தினார்கள். நிறுவனம் ஏற்படுத்திய இழப்பீட்டு நிதி கடைசியில் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. எப்போதாவது வரும் பழுதைச் சிறிய பழுதென்று எண்ணியதன் கணக்கு அது.

இனி, நம்மை இதை எழுதத் தூண்டிய பகுதிக்கு வருவோம். சொந்தக் காரில் விளக்கைக் காண்பவரும் செலவை முடிவு செய்பவரும் ஒருவரே. ஆனால் திருப்பூரின் சாலைகளில் காலையும் மாலையும் ஓடும் கம்பெனி வேன்களிலும் பேருந்துகளிலும் அப்படியில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் அந்த வண்டியில் விளக்கைக் காண்பவர் ஓட்டுநர், வண்டி இன்னொருவருடையது, ஒப்பந்தம் மூன்றாமவருடையது, நேரம் கம்பெனியுடையது. ‘ஏபிஎஸ் விளக்கு விட்டுவிட்டு வருகிறது’ என்று ஓட்டுநர் சொன்னால் அவருக்குக் கிடைப்பது என்ன? வண்டி ஒருநாள் பணிமனையில் நின்றால் அன்றைய நடை போயிற்று. ‘நீ எப்படி ஓட்டினாய்?’ என்ற கேள்வி முதலில் வரும். பணிமனையில் ஒன்றும் தென்படாவிட்டால் வேலைக்குச் சோம்பினான் என்ற பெயரும் வரும். ஆகவே அவர் பார்க்காதது போலிருக்கக் கற்றுக்கொள்கிறார். சிலர் விளக்கின்மேல் கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுகிறார்கள். அவருக்குப் பின்னால் அமர்ந்து, வேலைக் களைப்பில் உறங்கிவரும் முப்பது பேருக்கு அந்த நாடாவின் அடியில் என்ன எரிகிறதென்று தெரியாது.

சப்பானியர் சகிச்சி டொயோடாவின் கதை நம் பகுதி மக்களுக்கு ஆர்வமூட்டக்கூடியது. அவர் முதலில் தறிக்காரர். இழை அறுந்ததும் தானாகவே நின்றுவிடும் தறியை உருவாக்கியவர். அவருடைய புகழ்பெற்ற ஜி வகைத் தானியங்கித் தறி 1924இல் வந்தது. 1929இல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் வாங்கியது. அவருடைய மகன் கீச்சிரோ கார் செய்யப் புகுந்தார். 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியாக உருவாயிற்று. தறியின் அந்தப் பாடம் கார்த் தொழிற்சாலைக்குள்ளும் போயிற்று. வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் கயிற்றை இழுக்கலாம். மேலே விளக்கு எரியும். தீராவிட்டால் வரிசை நிற்கும். அந்த விளக்குப் பலகைக்கு அவர்கள் வைத்த பெயர் ஆண்டோன். பழைய காகித விளக்கைக் குறிக்கும் சொல் அது. விளக்கு மட்டும் இருந்திருந்தால் அந்த முறை உலகப் புகழ் பெற்றிருக்காது. விளக்கை ஏற்றியவர் திட்டு வாங்கமாட்டார் என்ற உறுதியும் அதனோடு வந்தது. நம் வேன் ஓட்டுநரிடம் விளக்கு இருக்கிறது. அந்த உறுதி இல்லை.

நொய்யலை நினைக்காமல் இதைப் பேச முடியவில்லை. ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கே சாயக்கழிவு தேங்கியது. பாசனத்துக்கான அணையைத் திறக்க வேண்டாமென்று கீழ்ப்பகுதி விவசாயிகளே போராடும் நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின. அறிகுறிகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. மழை வந்து வெள்ளம் புரண்டபோது ஆறு தெளிந்ததுபோல் இருந்தது. வெயிலில் மறுபடி நிறம் காட்டியது. அதுவும் விட்டுவிட்டு எரிந்த விளக்குதான். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத முறைக்கு மாறும்படி உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடி மின்சாரத்தைத் துண்டிக்க உத்தரவிட்டபோது, நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒருசேர நின்றன. அவற்றை நம்பியிருந்த பின்னலும் தையலும் தடுமாறின. வேலையிழந்து ஊர் திரும்பியவர்களுக்கு அந்த விளக்கு எத்தனை ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. தானாக நிற்க மறுத்த எந்திரத்தைப் பிறர் வந்து நிறுத்தும்போது, எந்த இழையை முடிச்சிடுவது என்று பார்க்க அவகாசம் இருப்பதில்லை. அதன் பிறகு அதே ஊர், கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறி எழுந்து நின்றதையும் சொல்லியாக வேண்டும். முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்தது. விளக்கைப் பார்த்த நாளிலேயே தொடங்கியிருந்தால் குறைந்த வேதனையோடு முடிந்திருக்கும்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லா விளக்குக்கும் நின்றால் வாழ்க்கை ஓடாது என்பார்கள். சில சென்சார்கள் பொய்யாகவும் கூவும் என்பார்கள். உண்மைதான். அமெரிக்காவில் எரிபொருள் தொட்டியின் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் அதே எஞ்சின் விளக்குத்தான் எரியும். வினையூக்கி கருகினாலும் அதே விளக்குத்தான். சிறியதற்கும் பெரியதற்கும் ஒரே குரலில் கத்தினால் கேட்பவர் காதை மூடிக்கொள்வது இயல்பு. இந்தக் குற்றம் வாகனம் செய்பவர்களைச் சேரும். முன்பலகை முழுவதும் திரையாக்கி அதில் பாட்டும் படமும் வரைபடமும் காட்டத் தெரிந்தவர்கள், ‘மூன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை, இன்று நிதானமாக ஓட்டுங்கள், நாளை காட்டுங்கள்’ என்று ஒரு வரியைத் தமிழில் காட்டுவது பெரிய வேலையன்று. பல வாகனங்களில் இன்னும் நமக்குக் கிடைப்பது ஒரு படமும் ‘பணிமனையை அணுகவும்’ என்ற பொருள்பட ஓர் ஆங்கில வரியுந்தான். தெளிவாகச் சொல்லாத எச்சரிக்கை சகுனமாகிவிடுகிறது. பல்லி சொன்னால் எந்தத் திசையென்று பார்த்துப் பலன் சொல்வதுபோல, இந்த விளக்குக்கும் ஆளாளுக்கு ஒரு பலன் சொல்லத் தொடங்கிவிட்டோம்.

நாம் வேண்டுவது பெரிய சீர்திருத்தம் எதுவுமன்று. காரின் கையுறைப் பெட்டியில் ஒரு சிறு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். விளக்கு வந்த நாள், நேரம், வண்டி குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, மழையா வெயிலா, வேகம் என்ன, திரும்பிக்கொண்டிருந்ததா, கடைசியாக எப்போது எரிபொருள் போட்டது என்று நாலு வரி எழுதிவைக்கலாம்; வண்டியை நிறுத்திய பிறகு எழுதலாம், அல்லது உடன் வருபவரை எழுதச் சொல்லலாம். முடிந்தால் விளக்கு எரியும்போதே உடன் வருபவர் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கட்டும். பணிமனைக்குப் போனால் அழிப்பதற்கு முன் குறியீட்டையும் அந்த நிழற்பட விவரங்களையும் தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். ‘இந்தப் பாகத்தை ஏன் மாற்றுகிறீர்கள், எந்தச் சோதனை இதைக் காட்டியது?’ என்று மரியாதையோடு ஒரு கேள்வி கேட்கலாம். எதையும் மாற்றாமல் பழுதைக் கண்டுபிடித்துத் தந்தவருக்கு, மாற்றியிருந்தால் கொடுத்திருக்கக்கூடிய கூலியில் ஒரு நியாயமான பங்கை முணுமுணுக்காமல் கொடுக்கலாம்.

கம்பெனி வேன் வைத்திருப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம் தனியாக உண்டு. உங்கள் எந்திரக் கூடத்தில் விளக்கு எரிந்ததும் எந்திரத்தை நிறுத்தியவரை நீங்கள் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அதே நியாயத்தை வேன் ஓட்டுபவருக்கும் கொடுங்கள். விளக்கைச் சொன்ன நாளின் நடைக்கூலி அவருக்குக் குறையாதென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எரியும் விளக்கை ஒருவர் வந்து சொன்னால், பணிமனையில் ஒன்றும் தென்படாமல் போனாலும், அவருக்கு நன்றி சொல்லுங்கள். அறுந்த இழைக்குக் கொடுக்கும் மதிப்பை அந்த வண்டியில் உறங்கிவரும் பெண்களுக்கும் கொடுப்பது பனியன் ஊருக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய பாடமா என்ன?